காஸ் ஜெனரேற்றர் கரைச்சல் தந்தால்

இங்கே சொல்லப்படுவது 2 முதல் 5 கிலோவாற் வரையான, தூக்கி வைக்கக்கூடிய, 230 வோல்ற் ஜெனரேற்றர்களுக்கானது. காஸில் மட்டும் ஓடுபவையும் பெற்றோல், காஸ் இரண்டிலும் ஓடுபவையும் இதில் அடங்கும். இவற்றின் கையேடுகள் பெரும்பாலும் புரொப்பேனை மனதில் வைத்து எழுதப்பட்டவை. எங்கள் வீட்டுச் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த எல்.பி. காஸ். கையேட்டில் சொன்னபடி எல்லாம் செய்தும் இயந்திரம் சரியாக ஓடாததற்குப் பல வேளைகளில் இந்த வித்தியாசமே காரணம்.

காஸ் போகும் வழியை ஒருமுறை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: சிலிண்டர் வால்வு, அதன் மேல் ரெகுலேற்றர், ஹோஸ், இயந்திரத்திலேயே பொருத்தப்பட்ட இரண்டாவது ரெகுலேற்றர், கார்ப்பரேற்றர், என்ஜின். இந்த இரண்டாவது ரெகுலேற்றரை டிமாண்ட் ரெகுலேற்றர் என்பார்கள். என்ஜின் இழுத்தால்தான் அது திறக்கும். இழுவை இல்லாவிட்டால் மூடியிருக்கும். பிழை தேடும்போது சிலிண்டரில் தொடங்கி இந்த வரிசையிலேயே போங்கள். என்ஜினில் தொடங்கினால் நல்ல கார்ப்பரேற்றரைக் கழற்றிப் பழுதாக்குவதுதான் நடக்கும்.

காஸ் மணக்கிறது

ஸ்டார்ட் பண்ண வேண்டாம். ஓடிக்கொண்டிருந்தால் சிலிண்டர் வால்வை மூடுங்கள். ஹோஸில் மிஞ்சிய காஸ் தீர்ந்து என்ஜின் தானாக நிற்கும். பக்கத்தில் எந்தச் சுவிட்சையும் போடவும் வேண்டாம், நிற்பாட்டவும் வேண்டாம்.

எல்.பி. காஸ் காற்றைவிடப் பாரமானது. புரொப்பேன் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்த காஸ் நிலத்தோடு ஊர்ந்து பள்ளம் தேடிப் போகும். யாழ்ப்பாணத்து வளவுகளில் அந்தப் பள்ளம் பெரும்பாலும் கிணறுதான். ஜெனரேற்றரைக் கிணற்றுக் கட்டோடு வைத்து மோட்டருக்குக் கரண்ட் கொடுப்பது வசதிதான். ஆனால் கிணற்றுக்குள் இறங்கிய காஸ் காற்றடித்துக் கலையாது. மோட்டர் கிணற்றுக்குள் படியில் இருந்தால் அந்தக் காஸைப் பற்றவைக்க அதன் சுவிட்ச் பொறி ஒன்றே போதும். சிலிண்டரைக் கிணற்றிலிருந்து குறைந்தது 3 மீற்றர் தள்ளி வையுங்கள். மூடாத கழிவுக் குழி, வடிகான், நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான்.

மணம் கலைந்த பிறகு கசிவைத் தேடுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு கலந்து பழைய பெயின்ற் தூரிகையால் பூசுங்கள். என்ஜினை ஓடவிடாமல் சிலிண்டர் வால்வை மட்டும் திறந்து, இந்த இடங்களைப் பாருங்கள்: வால்வும் ரெகுலேற்றரும் சேருமிடம், ஹோஸின் இரண்டு நுனிகளும் கிளிப்புகளும், ஹோஸ் வளைந்து நிற்கும் இடம், இயந்திரத்தின் காஸ் நுழைவாய். சிறு கசிவு உடனே பொங்காது. அரை நிமிடம் காத்திருந்தால் கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்வையாக வரும். நெருப்புக்குச்சி, லைட்டர் கொண்டு சோதிக்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

வால்வும் ரெகுலேற்றரும் சேருமிடத்தில் குமிழி வந்தால், பெரும்பாலும் உள்ளே இருக்கும் இறப்பர் வளையம் வெடித்திருக்கும், அல்லது புதுச் சிலிண்டரில் வளையமே இராது. இரண்டில் எதுவானாலும் சிலிண்டரைக் கடையில் மாற்றுங்கள். வளையத்துக்குப் பதிலாக நூல், துணி, பிளாஸ்ரிக் ரேப் சுற்றுவது கசிவை மறைக்குமே தவிர நிறுத்தாது. ஒரு நிறுவனத்தின் ரெகுலேற்றர் இன்னொரு நிறுவனத்தின் சிலிண்டர் வால்வில் சரியாக உட்காராமல் போகலாம். அடித்து இறுக்கிப் பொருத்த வேண்டாம்.

ஹோஸில் குமிழி வந்தால் ஒட்டுப்போட வேண்டாம், மாற்றுங்கள். காஸுக்கென்று விற்கும் ஹோஸில் தயாரித்த ஆண்டு அச்சிடப்பட்டிருக்கும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயையும் பெற்றோல் குழாயையும் போட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எல்.பி. காஸ் அந்த இறப்பரிலுள்ள எண்ணெய்ப் பொருளைக் கரைத்து இழுத்துக்கொண்டு போய் டிமாண்ட் ரெகுலேற்றரின் சவ்வில் பிசுபிசுப்பாகப் படியவிடும். குழாய் வெடிப்பது ஒரு பக்கம், ரெகுலேற்றரும் போய்விடும்.

தலையிடி, தலைச்சுற்று, சத்தி வருமாப்போல் இருக்கிறது

இது காஸ் மணத்தோடு சேர்ந்ததல்ல. புகையிலுள்ள காபனோரொட்சைட்டு, அதாவது கார்பன் மொனொக்சைட், மணமோ நிறமோ இல்லாதது. காஸ் சுத்தமாக எரிகிறது, புகை கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால் விறாந்தையில் வைத்தால் பரவாயில்லை என்று நினைக்கிறவர்கள் அதிகம். பரவாயில்லை அல்ல. காஸ் என்ஜினும் இந்த நஞ்சைக் கக்கும். கலவையில் காஸ் கூடிவிட்டால் இன்னும் கூடுதலாகக் கக்கும்.

வீட்டிலுள்ள எல்லோரும், பிள்ளைகளையும் வயதானவர்களையும் தூக்கிக்கொண்டு, உடனே வெளியே வாருங்கள். பிறகுதான் இயந்திரத்தை நிற்பாட்டுவது. ஒருவர் மயக்கமாக அல்லது குழம்பிப் பேசினால் 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் கூப்பிடுங்கள். ஜெனரேற்றர் ஓடியது என்பதையும் சொல்லுங்கள். வெளிக் காற்றில் சுகமாகிவிட்டது என்று திரும்ப அறைக்குள் படுக்க வேண்டாம்.

இடம் தெரிவதற்கு: வீட்டுக் கதவு, யன்னல், சுவரிலுள்ள காற்றுத்துளை எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது 6 மீற்றர். புகைக்குழாய் வீட்டுக்கு மறுபக்கம் பார்க்க வேண்டும். அதோடு காற்றையும் பாருங்கள். வைகாசி தொடக்கம் ஆவணி, புரட்டாதி வரை சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். அப்போது வீட்டின் வடகிழக்கு மூலை நல்லது. மாரியில் வாடை வடகிழக்கிலிருந்து வரும். அப்போது இயந்திரம் தென்மேற்குப் பக்கம் போக வேண்டும். ஒரே இடத்தில் சீமெந்து மேடை கட்டி வருடம் முழுக்க அங்கேயே ஓட்டுகிறவர்கள் பாதி வருடம் புகையைத் தங்கள் படுக்கையறைக்கே அனுப்புகிறார்கள். அயல்வீட்டு யன்னலிலிருந்தும் இதே அளவு தள்ளி வையுங்கள். நெருங்கிய ஒழுங்கைகளில் வேலிக்கு அந்தப் பக்கம் யாருடைய தலைமாடு இருக்கிறது என்று பார்க்காமல் வைப்பது வழமையாகிவிட்டது.

மழைக்கு மேலே தகரம் போடலாம், நாலு பக்கமும் திறந்திருக்க வேண்டும். படங்கு கட்டிச் சுற்றி மூடினால் புகையும் சூடும் உள்ளேயே சுழலும். கோயில் திருவிழாக் கடைகளில் இரண்டு கூடாரத்துக்கு நடுவே உள்ள சந்தில் இயந்திரத்தைச் செருகுவதும் அதே பிழைதான். பற்றரியில் ஓடும் காபனோரொட்சைட்டு அலாரம் ஒன்று படுக்கையறையில் இருந்தால் நல்லது. புகை அலாரம் இந்த வேலை செய்யாது.

எத்தனை தரம் இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகவில்லை

கயிற்றை ஐந்தாறு தரத்துக்கு மேல் சும்மா இழுக்க வேண்டாம். கீழே உள்ள ஒழுங்கில் பாருங்கள்.

1. சிலிண்டரில் காஸ் இருக்கிறதா? சிலிண்டரை ஆட்டிப் பார்ப்பது கணக்கல்ல. கழுத்து வளையத்தில் வெறும் சிலிண்டரின் நிறை அச்சிடப்பட்டிருக்கும். தூக்குத் தராசில் நிறுத்து அதைக் கழியுங்கள். வெறும் நிறை 13.2 கிலோ, தராசில் 16.2 கிலோ என்றால் 3 கிலோ இருக்கிறது. 2 கிலோவாற் எடுக்கும்போது சிறிய என்ஜின் மணிக்கு ஏறத்தாழ 0.8 கிலோ குடிக்கும். ஆக நாலு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. நிறைந்த 12.5 கிலோ சிலிண்டர் அந்தச் சுமைக்கு 15 மணித்தியாலம் அளவில் வரும்.

2. ஓயில். அநேகமான இயந்திரங்களில் ஓயில் குறைந்தால் பிளக்கின் பொறியைத் துண்டிக்கும் சென்சர் உண்டு. இயந்திரம் ஸ்டார்ட் ஆகாமைக்கு மிக எளிய காரணம் இதுதான். கடைசியாகப் பார்க்கப்படுவதும் இதுதான். சமதரையில் வைத்து, அளவுக் கம்பியைத் துடைத்து, கையேடு வேறு சொல்லாவிட்டால் திருகாமல் சும்மா நுழைத்துப் பாருங்கள். சரிவான முற்றத்தில் ஓயில் சரியாக இருந்தாலும் சென்சர் ஏமாறும். பல என்ஜின்களுக்கு 10டபிள்யூ-30, 0.6 லீற்றர் அளவில் பிடிக்கும். சரியான அளவு கையேட்டில் இருக்கும்.

3. எரிபொருள் தெரிவு. இரண்டிலும் ஓடும் இயந்திரமானால் குமிழ் காஸில் நிற்கிறதா, பெற்றோல் குழாய் மூடியிருக்கிறதா? பெற்றோலில் ஓட்டிவிட்டு உடனே காஸுக்கு மாற்றினால் கார்ப்பரேற்றர்க் கிண்ணத்தில் பெற்றோல் மிஞ்சியிருக்கும். இரண்டும் ஒன்றாக உள்ளே போனால் கலவை தடித்து என்ஜின் பற்றாது. பெற்றோல் குழாயை மூடி, இயந்திரம் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, பிறகு காஸைத் திறவுங்கள்.

4. காஸ் என்ஜினுக்கு வருகிறதா? டிமாண்ட் ரெகுலேற்றரில், காஸைக் கையால் திறந்துவிடும் பிரைமர் பொத்தான் இருந்தால் ஒன்று இரண்டு செக்கன் மட்டும் அழுத்துங்கள். சீறல் கேட்க வேண்டும். நீண்ட நாள் கிடந்த இயந்திரத்தின் ஹோஸ் முழுக்கக் காற்றே இருக்கும். இரண்டு மூன்று தரம் இழுத்தால்தான் காஸ் வந்து சேரும். பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தால் என்ஜின் மூழ்கிவிடும். அப்படியானால் சிலிண்டரை மூடி, சோக்கை (காற்று வழியை அடைக்கும் தகட்டை) திறந்து, ஆறேழு தரம் இழுத்து வெளியேற்றிவிட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள்.

5. பொறி. பெற்றோல் என்ஜினில் பிளக் நனைந்திருந்தால் எரிபொருள் வருகிறது என்று அறியலாம். காஸில் பிளக் எப்போதும் காய்ந்தே இருக்கும்; அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சிலிண்டரை மூடி, சுற்றிவர மணம் இல்லை என்று உறுதியான பிறகே பொறி சோதியுங்கள். பிளக்கைக் கழற்றி அதன் தொப்பியில் செருகி, உலோகப் பகுதியை என்ஜின் உடம்போடு பிடித்து இழுக்கையில் நீலப் பொறி தெரிய வேண்டும். கழற்றிய துளைக்கு அருகில் பிடிக்க வேண்டாம். காஸைப் பற்றவைக்கப் பெற்றோலைவிடக் கூடிய வோல்ற் தேவை. அதனால் இடைவெளி அகன்ற பிளக் பெற்றோலில் ஓடும், காஸில் ஓடாது. 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர் வரை வைத்துப் பாருங்கள், கையேடு அனுமதித்தால். தீவகம், காரைநகர் போன்ற கடலோர இடங்களில் பிளக் தொப்பிக்குள் பச்சை பிடித்த களிம்பு இருக்கும். அதைச் சுரண்டினாலே போதுமான சந்தர்ப்பங்கள் உண்டு.

ஸ்டார்ட் ஆகி சில செக்கன்களில் நின்றுவிடுகிறது

முதலில் சிலிண்டர் வால்வை எப்படித் திறந்தீர்கள் என்று பாருங்கள். சில ரெகுலேற்றர்களிலும் ஹோஸ்களிலும், குழாய் அறுந்தால் காஸை நிறுத்தும் பாதுகாப்பு வால்வு உள்ளே இருக்கும். வெறும் ஹோஸுக்குள் சட்டென்று திறந்தால், குழாய் அறுந்துவிட்டது என்று நினைத்து அது பூட்டிக்கொள்ளும். ஒரு நூல் அளவு காஸே வரும். வால்வை முழுவதும் மூடி, ஒரு நிமிடம் பொறுத்து, மெல்லத் திறவுங்கள்.

அடுத்தது ரெகுலேற்றரின் மூச்சுத் துளை. ரெகுலேற்றரின் வட்ட மூடியில் ஊசி நுழையும் அளவில் ஒரு துளை இருக்கும். சவ்வின் மேற்பக்கத்துக்கு வெளிக்காற்று வரும் வழி அது. அது அடைத்தால் சவ்வு அசையாது, காஸ் குறைந்தோ கூடியோ வரும். எங்கள் பக்கம் அதை அடைப்பது இரண்டு: மண்குளவியின் கூடு, மாரியில் தண்ணீர். குளவிக் கூடானால் வெளியே கடுகளவு காய்ந்த மண் தெரியும். மெல்லிய பிரஷால் மேலோட்டமாகத் தட்டி எடுங்கள். ஊசியை உள்ளே விட வேண்டாம், சவ்வு துளைபட்டுவிடும். துளை கீழ்நோக்கி இருக்கும்படி ரெகுலேற்றரைத் திருப்பி வைத்தால் மழைத்தண்ணீர் தேங்காது.

இவை சரியென்றால் சோக். காஸில் சோக் தேவைப்படும் நேரம் குறைவு, பற்றியதும் திறந்துவிடுங்கள். இன்னும் நின்றால் ஏர் பில்ற்றரைப் பாருங்கள். வலிகாமத்துச் செம்மண் புழுதி கோடையில் சில நாட்களிலேயே அதை அடைத்துவிடும். அடைத்த பில்ற்றர் சோக் போட்டது போலத்தான்.

சும்மா ஓடும்போது நன்று, சுமை போட்டதும் படுத்துவிடுகிறது

காஸில் ஓடும்போது இயந்திரம் பெற்றோலில் கொடுப்பதைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் கொடுக்கும். பெட்டியில் 3 கிலோவாற் என்று எழுதியிருந்தால் காஸுக்கு 2.7 என்று எடுங்கள். 230 வோல்ற்றில் அது 12 அம்பியருக்கும் குறைவு. பெட்டியில் பெரிதாக அச்சடித்திருப்பது சில செக்கன்களுக்கான உச்ச அளவாகவும் இருக்கலாம். தொடர்ந்து கொடுக்கக்கூடிய அளவைத் தேடிப் பாருங்கள்.

ஒரு குதிரைவலு கிணற்று மோட்டர் ஓடும்போது 5, 6 அம்பியர் எடுக்கும். ஸ்டார்ட் ஆகும் கணத்தில் அதைப்போல நாலைந்து மடங்கு. 3 கிலோவாற் இயந்திரம் அந்தக் கணத்தைத் தாங்க வேண்டுமானால் வேறெதுவும் அதில் இருக்கக் கூடாது. மோட்டரை முதலில், தனியாகப் போடுங்கள். அது பிடித்து ஓடிய பிறகு பிறிட்ஜ். கடைசியாக விளக்கும் மின்விசிறியும். பிறிட்ஜ் ஒருமுறை நின்றால் ஐந்து நிமிடம் கழித்தே திரும்பப் போடுங்கள், அமுக்கம் இறங்காத கொம்பிரசர் அசையாமல் கரண்டை மட்டும் இழுக்கும். அரிசிக்குக்கர், வோட்டர் ஹீற்றர், அயன் பெட்டி ஆகியவை இந்த அளவு இயந்திரத்துக்கு உகந்தவையல்ல.

வயரும் முக்கியம். ஜெனரேற்றர் தள்ளி இருக்க வேண்டும் என்பதால் நீள வயர் வேண்டும். அங்கேதான் மெலிந்த வயரைப் போடுகிறார்கள். 25 மீற்றர் நீளமான 1 சதுர மில்லிமீற்றர் வயரில், மோட்டர் ஸ்டார்ட் ஆகும்போது 30 அம்பியர் போனால் 30 வோல்ற்றுக்கு மேல் வழியிலேயே தொலையும். 2.5 சதுர மில்லிமீற்றர் போட்டால் இழப்பு 14 வோல்ற் அளவுக்குக் குறையும். சுருளில் சுற்றிய வயரை முழுவதும் அவிழ்த்துவிட்டே பயன்படுத்துங்கள், சுற்றியபடி இருந்தால் உள்ளே உருகும்.

வயரும் சுமையும் சரி, ஆனாலும் திணறுகிறது என்றால் சிலிண்டர் ரெகுலேற்றரின் கொள்ளளவைப் பாருங்கள். அதில் மணிக்கு எத்தனை கிலோ என்று அச்சிட்டிருக்கும். குசினி அடுப்புக்கு வாங்கிய சிறு ரெகுலேற்றர் 2 கிலோவாற்றுக்குப் போதும். 5 கிலோவாற் இயந்திரம் மணிக்கு 2 கிலோ வரை கேட்கும், அது தாங்காது. அடுப்பு ரெகுலேற்றரின் அழுத்தம் ஏறத்தாழ 30 மில்லிபார். ஜெனரேற்றரின் தகட்டில் கேட்கப்படும் அழுத்தம் அதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் சரியானதை வாங்குங்கள். ரெகுலேற்றரின் உள்ளிருக்கும் திருகைத் திருகி அழுத்தத்தைக் கூட்டுவது சில கராஜ்களில் கை வந்த கலை. அது என்ஜினை ஒரு நாள் ஓடச்செய்யும். பிறகு டிமாண்ட் ரெகுலேற்றரின் சவ்வு கிழிந்து, நின்ற இயந்திரத்திலும் காஸ் ஒழுகிக்கொண்டிருக்கும்.

அரை மணித்தியாலம் நன்றாக ஓடி, பிறகு மெல்ல மெல்லச் சோர்கிறது

சிலிண்டரைத் தொடுங்கள். கீழ்ப்பாதி சில்லிட்டு, வியர்த்து, துளி துளியாகத் தண்ணீர் கோர்த்திருக்கும். பலர் இங்கே சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்று நினைத்து மாற்றிவிடுகிறார்கள். உள்ளே கிலோக்கணக்கில் காஸ் இருக்கும்.

நடப்பது இதுதான். சிலிண்டருக்குள் காஸ் திரவமாக இருக்கிறது. அது ஆவியாக வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைத் தன்னிடமிருந்தும் சிலிண்டர் உருக்கிலிருந்தும் எடுக்கும். வெளிக்காற்று அந்த வெப்பத்தைத் திரும்பக் கொடுக்கும் வேகத்தைவிட என்ஜின் வேகமாக இழுத்தால் சிலிண்டர் குளிர்ந்துகொண்டே போகும், அழுத்தம் இறங்கும். புரொப்பேன் மட்டும் என்றால் எங்கள் சூட்டில் இது பிரச்சினையே இல்லை; அது மைனஸ் 42 பாகையில் கொதிப்பது. பியூட்டேன் கொதிப்பது பூச்சியத்துக்கு அரைப் பாகை கீழேதான். வெளிக்காற்றுக்கு மேலாக அதன் அழுத்தம் 30 பாகையில் 1.8 பார், 10 பாகையில் அரைப் பார், பூச்சியத்தில் ஒன்றுமில்லை. கலவையில் புரொப்பேன்தான் முந்தி ஆவியாகிப் போகும். சிலிண்டர் அடியை நெருங்க நெருங்க மிஞ்சுவது பியூட்டேன். கூடவே திரவ மட்டம் இறங்குவதால் வெப்பம் வாங்கும் உலோகப் பரப்பும் குறைகிறது. மூன்று காரணங்களும் ஒன்றாகக் கூடுவது கடைசி மூன்று நாலு கிலோவில்.

ஆகவே நிறைந்த 12.5 கிலோ சிலிண்டர் 2 கிலோவாற்றுக்கு முகம் கோணாமல் ஓடும். 5 கிலோ சிலிண்டரை அதே சுமைக்குப் போட்டால், அல்லது மாரி மழை இரவில் அடியை நெருங்கிய சிலிண்டரைப் போட்டால் சோரும். செய்ய வேண்டியது:

சுமையைப் பாதியாக்குங்கள். அது முடியாவிட்டால் நிற்பாட்டி, சிலிண்டரை அரை மணித்தியாலம் காற்றுப்படும் இடத்தில் விடுங்கள். இயந்திரம் நின்ற பிறகு கிணற்றுத் தண்ணீரை சிலிண்டரின் கீழ்ப்பாதியில் ஊற்றலாம். குளிர்ந்த சிலிண்டரைவிட அது சூடானது. ரெகுலேற்றரில் படாமல் ஊற்றுங்கள். வெந்நீர், அடுப்பு, புகைக்குழாய்ச் சூடு எதுவும் கூடாது. தொடர்ந்து கூடிய சுமை வேண்டுமானால் இரண்டு சிலிண்டர்களை அதற்கென்று உள்ள இணைப்புக் குழாயால், பின்னோட்டம் தடுக்கும் வால்வோடு சேர்ப்பதே வழி. அதைக் காஸ் வேலை தெரிந்தவர் செய்யட்டும்.

சிலிண்டரைச் சரித்து அல்லது கவிழ்த்து வைத்து "கடைசிக் காஸை" எடுக்கும் வேலை மட்டும் வேண்டாம். திரவம் ரெகுலேற்றருக்குள் போகும். ஹோஸில் வெள்ளையாக உறைபனி படிந்து, என்ஜின் கரும்புகை கக்கி, காது கேட்க வெடித்தால் அதுதான் காரணம். ஓட்டோவில் படுக்கப்போட்டுக் கொண்டுவந்த சிலிண்டரையும் உடனே இணைக்காமல் கொஞ்ச நேரம் நிமிர்த்தி வையுங்கள்.

ஏறி இறங்கி, மூச்சு வாங்குவது போல் ஓடுகிறது

சுமை இல்லாமல் மட்டும் இப்படி ஓடினால் கலவையில் காற்றுக் கூடியிருக்கிறது: கார்ப்பரேற்றர் அடியில் கஸ்கெற் தளர்ந்திருக்கும், அல்லது டிமாண்ட் ரெகுலேற்றரிலிருந்து போகும் மெல்லிய இறப்பர்க் குழாய் வெடித்திருக்கும். அந்தக் குழாயை விரலால் மடக்கிப் பாருங்கள், வெடிப்பு மடிப்பில்தான் தெரியும். என்ஜின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர்க் கம்பியின் ஸ்பிறிங்கில் துரு பிடித்தாலும் இதே குணம் காட்டும். கவர்னர்த் திருகைத் தொடவேண்டாம், வேகமானி இல்லாமல்.

என்ஜின் நன்றாக ஓடுகிறது, கரண்ட் இல்லை

இயந்திரத்தின் பிரேக்கரை மேலே தள்ளுங்கள். எல்லா வயரையும் கழற்றி, மல்ரிமீற்றரை நேரடியாக இயந்திரத்தின் சொக்கற்றில் வைத்துப் பாருங்கள். 230 காட்டினால் பிழை உங்கள் வயரில். ஒரு சில வோல்ற் மட்டும் காட்டினால், வோல்ற்றைச் சீராக வைக்கும் ஏ.வி.ஆர். அல்லது சுழலும் ரோற்றருக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் பழுது. சுத்தமாகப் பூச்சியம் என்றால், மாதக்கணக்கில் கிடந்ததில் ரோற்றரின் எஞ்சிய காந்தம் போயிருக்கலாம், அல்லது சுற்று அறுந்திருக்கலாம். காந்தத்தைப் பற்றரி கொடுத்து மீட்கலாம்தான்; முனை மாறினால் ஏ.வி.ஆர். கருகும், ஆகவே கைவைத்துப் பழகியவரிடம் விடுங்கள். மாதம் ஒருமுறை இருபது நிமிடம் பாதிச் சுமையில் ஓட்டினால் இந்த நிலை வராது.

வோல்ற் இருக்கிறது, ஆனால் கூடுதல் குறைவு என்றால்: எங்கள் மின்சார சபை விநியோகம் 230க்கு மேலும் கீழும் 6 வீதம், அதாவது 216 முதல் 244 வரை. ஜெனரேற்றரையும் அதற்குள் வைத்திருங்கள். சாதாரண இயந்திரம் சுமை இல்லாமல் 52 ஹேர்ட்ஸ் அளவில் ஓடி, முழுச் சுமையில் 50க்கு இறங்குவது இயல்பு. 250 வோல்ற்றுக்கு மேல் போனால் ரீவியையும் ரவுற்றரையும் உடனே கழற்றுங்கள்.

ரெஸ்ரர் இரண்டு ஓட்டையிலும் எரிகிறது, தொட்டால் விறுவிறுக்கிறது

பல இயந்திரங்களில் நியூட்ரல் உடம்போடு இணைக்கப்படாமல் மிதந்தபடி இருக்கும். அப்போது இரண்டு கம்பியும் நிலத்துக்கு ஏறத்தாழ 115 வோல்ற் காட்டும், ரெஸ்ரரும் இரண்டிலும் மங்கலாக எரியும். இயந்திரம் பழுதல்ல. ஆனால் வீட்டிலுள்ள ட்ரிப் சுவிட்ச் இந்த நிலையில் வேலை செய்யாது. கசியும் கரண்ட் ஜெனரேற்றருக்குத் திரும்பிப்போக வழியில்லை, ட்ரிப் அதை உணராது. ரெஸ்ற் பொத்தானை அமத்தினால் ட்ரிப் விழும், அதைக் கண்டு ஏமாற வேண்டாம்; அந்தப் பொத்தான் லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வேலை செய்வது.

வீட்டுக்குக் கொடுக்கும் இயந்திரமானால், நியூட்ரலும் எர்த்தும் ஒரே ஒரு இடத்தில், ஜெனரேற்றர்ப் பக்கம், சேர்க்கப்பட்டு, நிலத்தில் அடித்த எர்த் கம்பியோடு இணைய வேண்டும். இதை மின்வேலை தெரிந்தவர் கையேட்டைப் பார்த்துச் செய்ய வேண்டும், ஏனெனில் சில இன்வேற்றர் வகை இயந்திரங்கள் இதை அனுமதிப்பதில்லை. எர்த் கம்பி எங்கள் மண்ணில் சுலபமல்ல. ஓரிரு அடியிலேயே சுண்ணாம்புக்கல் தட்டும். நேரே இறங்காவிட்டால் சரித்து அடியுங்கள், அல்லது வாய்க்கால் வெட்டிக் கிடையாகப் புதையுங்கள். வாழைப் பாத்தியடி போல் எப்போதும் ஈரமான இடம் நல்லது.

இயந்திரத்தின் உடம்பில் கை பட்டதும் விறுவிறுத்தால் இயந்திரத்தை நிற்பாட்டி, இணைத்த சாதனங்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தேடுங்கள். பெரும்பாலும் பழைய கிணற்று மோட்டரே கள்ளன்.

வீட்டு மெயினில் கொடுக்க, தெருக் கரண்ட் அல்லது ஜெனரேற்றர் என ஒன்றை மட்டும் இணைக்கும் இரண்டு துருவ சேஞ்ச்ஓவர் சுவிட்ச் கட்டாயம். லைனும் நியூட்ரலும் சேர்ந்து மாற வேண்டும். இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரைச் சுவர்ச் சொக்கற்றில் செருகுவதுபோல் கொலைகாரக் குறுக்குவழி வேறில்லை. மெயினை நிற்பாட்ட மறந்தால் உங்கள் 230 வோல்ற் தெருவிலுள்ள ட்ரான்ஸ்போர்மரில் தலைகீழாக ஏறி ஆயிரக்கணக்கான வோல்ற்றாகக் கம்பிக்குப் போகும், கம்பத்தில் ஏறியவர் கையில். கழன்ற பிளக்கின் வெறும் பித்தளைக் காலைத் தொடுகிற பிள்ளைக்கும் அதே கதி. கம்பி அறுந்து கிடந்தால் மின்சார முறைப்பாட்டு இலக்கமான 1987க்குச் சொல்லிவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

நிற்பாட்டும்போது

சுமைகளைக் கழற்றி, இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டு, சிலிண்டர் வால்வை மூடுங்கள். என்ஜின் ஹோஸிலுள்ள காஸைக் குடித்துத் தானாக நிற்கும். அதன் பிறகே சாவியைத் திருப்புவது. சாவியால் முதலில் நிற்பாட்டினால் ஹோஸில் அழுத்தத்தோடு காஸ் மிஞ்சும், டிமாண்ட் ரெகுலேற்றர் சற்றுக் கசிந்தாலும் அது இரவு முழுக்க வெளியேறும்.

ஓயிலைப் புது இயந்திரத்தில் முதல் 20, 25 மணித்தியாலத்தில் மாற்றுங்கள், பிறகு கையேட்டின்படி. காஸில் ஓடிய ஓயில் கறுக்காது. நிறத்தைப் பார்த்து நாட்கடத்த வேண்டாம், மணித்தியாலத்தை எழுதி வையுங்கள். வால்வு இடைவெளியையும் அப்படியே: காஸ் உலர்ந்த எரிபொருள், வால்வு இருக்கை பெற்றோலைவிட வேகமாகத் தேயும், இடைவெளி இறுகும். நன்றாக ஓடிய இயந்திரம் சூடானதும் மட்டும் ஸ்டார்ட் ஆக மறுக்கத் தொடங்கினால் முதலில் அளக்க வேண்டியது அதைத்தான். சிலிண்டரைக் கழற்றி, மூடி போட்டு, நிமிர்த்தி, நிழலில், வீட்டுக்கு வெளியே வையுங்கள். வெறும் சிலிண்டரானாலும் குசினிக்குள்ளோ கட்டிலடியிலோ அல்ல.